‘முன்பு’ படத்துக்கு ஆள் இல்லை

“ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“இருநூத்தி நாப்பது” என்றாள் சின்னவள்.

டாக்டரின் பேனா அப்படியே நின்றது. படிவத்தில் அந்தக் கேள்விக்கு விட்டிருந்த கட்டம் ஒற்றை இலக்கம் எழுதத்தான் போதும்.

“பயப்படாதீங்க டாக்டர். என் வேலையே அதுதான். தேயிலைக் கம்பெனியில ருசி பார்க்கிறேன். முழுங்குறது ஒண்ணே ஒண்ணு, அதுவும் காலையில வீட்டுல. மிச்சமெல்லாம் துப்பிடுவேன்.”

“துப்பினது கணக்குல வராது” என்று டாக்டர் கட்டத்துக்குள் ஒன்று என்று எழுதினார். அந்த மூன்று வார்த்தை பின்னால் வந்து தன் கழுத்தைப் பிடிக்கும் என்று சின்னவளுக்கு அப்போது தெரியாது.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. நூற்றுப் பன்னிரண்டு கிலோ. இரண்டையும் அவள் யாரிடமும் மறைத்ததில்லை. முதலாவதை வேண்டுமானால் மறைக்கலாம், இரண்டாவதை எங்கே கொண்டுபோய் வைப்பது? பிறந்த வீட்டில் இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் சின்னவள் என்று பெயர் விழுந்தது. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் அவள் உட்கார்ந்தால் இரண்டாவது ஆள் யோசித்துத்தான் உட்காருவார் என்கிற காலம் வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. புதிதாகக் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கும்வரை அவர்களையே பார்த்துக்கொண்டு நிற்பது அவள் வழக்கம். பெரும்பாலும் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள்.

கம்பெனியில் அவளுக்கென்று ஒரு நீள மேசை உண்டு. வெயில் நேரே விழாத பெரிய சன்னலை ஒட்டிப் போட்டிருக்கும். அதன்மேல் வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். இலையை எடைபோட்டு, வெந்நீர் ஊற்றி, மணி பார்த்து வடித்து வைத்தபின் அவள் கரண்டியோடு கிளம்புவாள். ஒரு கரண்டி எடுத்து, அடுத்த அறைக்குக் கேட்கிற மாதிரி ‘சர்ர்’ என்று உறிஞ்சுவாள். நாக்கின்மேல் ஒரு புரட்டு. சக்கரம் வைத்த தொட்டியைக் காலால் தள்ளிக்கொண்டே அதில் துப்பிவிட்டு அடுத்த கோப்பை. ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு மாதிரி அட்டை இருக்கும். அதில் ருசியை எழுதி அவள் கையெழுத்துப் போட்டால்தான் மூட்டை பேக்கிங்குக்குப் போகும். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். தெரிந்தவர் வீட்டுக்குப் போன இடத்தில், கொடுத்த காபியை ‘சர்ர்’ என்று உறிஞ்சிவிட்டுத் துப்ப இடம் தேடி அவள் விழித்த கதையைக் கணவர் இன்னும் ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியின் அறிவிப்புப் பலகையில்தான் அந்தத் தாளை அவள் பார்த்தாள். உடல் பருமன் உள்ளவர்களின் ரத்தக் குழாய்க்குப் பச்சைத் தேயிலை ஏதாவது நல்லது செய்கிறதா என்று பார்க்கப்போகிறார்களாம். பன்னிரண்டு வாரம். பாதிப் பேருக்குப் பச்சைத் தேயிலை, பாதிப் பேருக்கு வெறும் வெந்நீர். யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். ஆரம்பத்திலும் நடுவிலும் கடைசியிலும் ரத்தக் குழாயை ஸ்கேன் செய்து அளப்பார்கள்.

“எடை குறையணும்னுதானே வந்திருக்கீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“இல்ல டாக்டர். என் எடையைப் பத்தி எனக்கு ஊரே சொல்லியாச்சு. என் ரத்தக் குழாய் எப்படி இருக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் பார்த்ததில்ல. அதைப் பார்க்கணும். அதுக்குத்தான் வந்தேன்.”

இந்தப் பதிலுக்குப் பின்னால் அவளுடைய அக்கா இருந்தாள்.

அக்காவும் கனத்த உடம்புக்காரி. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் படியேறும்போது நெஞ்சில் பாரமாக இருக்கிறது என்றாள். தெருமுனைக் கிளினிக்குக்குச் சின்னவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். பிரஷர் பார்க்கும் பட்டையை நர்சம்மா அக்காவின் கையில் சுற்றினார். காற்று அடித்த மூன்றாவது அழுத்தலில் பட்டை ‘பர்ர்’ என்று பிரிந்துகொண்டது. மறுபடி சுற்றினார். மறுபடி ‘பர்ர்’. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ சிரித்தார். அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள், அவமானத்தை அவள் அப்படித்தான் தாண்டுவாள். உள்ளே இருந்த டாக்டர் எட்டிப் பார்த்து, நாற்காலியை விட்டு எழாமலே, “முதல்ல ஒரு பத்து கிலோ குறைச்சுட்டு வாங்க, அப்புறம் பார்ப்போம்” என்றார்.

அக்கா சொன்னபேச்சு கேட்கிறவள். நாலு மாதம் வேகவைத்த காயும் தண்ணீருமாக இருந்தாள். ஆறு கிலோ குறைத்தாள். இன்னும் நாலு கிலோதான், முடித்துவிட்டுப் போய்க் காட்டலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த இடத்திலேயே சரிந்துவிட்டாள். ஐம்பத்தொரு வயது. கடைசிவரை யாரும் அவளுக்குப் பிரஷர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று சின்னவளுக்குத் தெரியாது. பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும். அதை அவள் மன்னிக்கவுமில்லை, மன்னிக்கப்போவதுமில்லை.

சீட்டில் அவளுக்குப் பச்சைத் தேயிலை விழுந்தது. முதல் அளவு எடுக்கும் நாளில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். இருட்டாக்கிய சின்ன அறை. அகலமான கட்டில். அதைப் பார்த்ததுமே அவளுக்குப் பாதி உயிர் வந்தது, ஒடுங்கிய கட்டிலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்தே பழகியவள். ஸ்கேன் எடுக்கும் பெண் அலமாரியைத் திறந்தாள். உள்ளே நாலைந்து பட்டைகள் தொங்கின. இஞ்ச்டேப்பால் சின்னவளின் கையைச் சுற்றி அளந்துவிட்டு, எல்லாவற்றிலும் பெரியதை எடுத்துச் சுற்றினாள். அது பேசாமல் சுற்றிக்கொண்டு நின்றது.

“இந்த அளவுல பட்டை இருக்கா?” என்றாள் சின்னவள்.

“எப்பவும் உண்டே அக்கா. கைக்குத் தக்கன பட்டை போடணும். சின்னதை வச்சு இறுக்கினா கணக்கு தப்பாத்தான் காட்டும்.”

“எல்லா இடத்துலயும் கிடைக்குமா?”

“கடையில கேட்டா தருவாங்க. யாரும் கேக்கறதில்ல, அவ்வளவுதான்.”

சின்னவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கண் ஓரம் ஈரமாகிக் காதுக்குள் இறங்கியது. துக்கம் பாதி, ஆத்திரம் பாதி. அக்காவுக்கு வேண்டியிருந்தது பத்து கிலோ குறைவது அல்ல, அரை முழம் அதிகமான ஒரு துணி.

பிறகு வேறொரு பட்டையை முன்கையில் கட்டி ஐந்து நிமிஷம் இறுக்கி வைத்தார்கள். விரலெல்லாம் மரத்துப்போனது. “விட்டதும் ரத்தம் குபுகுபுன்னு பாயும் அக்கா” என்று ஸ்கேன்காரப் பெண் திரையைக் காட்டினாள். “குழாய் நல்லா இருந்தா, விரிஞ்சு வழிவிடும். விறைச்சுப்போயிருந்தா அசையாது. எவ்வளவு விரியுதுங்கிறதுதான் நம்ம நம்பர்.” கறுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவே இரண்டு வெள்ளைக் கோடுகள் மெதுவாக விலகின. நூற்றுக்கு நாலேகால் பங்கு விரிந்ததாம். அது நல்லதா கெட்டதா என்று அவள் கேட்கவில்லை. தன் உடம்புக்குள்ளே ஒரு சமாசாரம் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருப்பதை நாற்பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் அவளுக்குக் காட்டியிருக்கிறார். அதுவே போதுமாக இருந்தது.

தினமும் இரண்டு பொட்டலம், காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. குடித்ததும் அட்டவணையில் டிக் போட வேண்டும். பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்த கையோடு அவள் டாக்டரிடமே சொல்லிவிட்டாள்: “இது போன வருஷத்து இலை. கொஞ்சம் சூடு பட்டிருக்கு.”

“ருசி பார்க்க வேணாம்மா, குடிச்சா போதும்” என்றார் அவர்.

காலைப் பொட்டலம் வீட்டில். கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிற மனிதர், தான் குடியிருக்கிற மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் இல்லாத கட்டடமாகப் பார்த்துப் பிடித்திருந்தார். “பச்சையா இருக்கே, செடியை அப்படியே முக்கிட்டாங்களா?” என்று தினமும் கேட்பார். தினமும் அவள் பதில் சொல்லமாட்டாள். பிற்பகல் பொட்டலம் கம்பெனியில். மூன்று மணிச் சரக்கோடு சேர்த்து வரிசையின் கடைசிக் கோப்பையில் போட்டுக்கொள்வாள்.

ஆறாவது வாரம் நடு அளவு எடுத்தபோது ஐந்தரை வந்தது. எடை மட்டும் நூற்றுப் பன்னிரண்டு கிலோவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கம்பெனி முழுக்கச் சொன்னாள். “எடை அப்படியே இருக்கு, ஆனா குழாய் விரியுது!” என்று பேக்கிங் பெண்களிடம் கையை விரித்துக் காட்டினாள். சேதி மேனேஜர் அறைக்கும் போய்ச் சேர்ந்தது.

மேனேஜர் சுறுசுறுப்பான மனிதர். எதைப் பேசினாலும் சுவரொட்டியில் எழுதப்போகிற மாதிரியே பேசுவார். மறுநாளே கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் புதுப் பச்சைத் தேயிலைப் பெட்டியின் மாதிரி ஒன்று இருந்தது. முகப்பில் இரண்டு வெற்றுக் கட்டங்கள். இடது கட்டத்துக்குக் கீழே ‘முன்பு’. வலது கட்டத்துக்குக் கீழே ‘பின்பு’. அடியில் பெரிய எழுத்தில்: இரத்தக் குழாய்களை இளமையாக்கும்!

“டேஸ்டரம்மா, நம்ம கம்பெனிக்கு நீங்கதான் முகம்” என்றார்.

“எந்த முகம் சார், முன்பா பின்பா?”

“முன்பு. உங்களை ஒரு போட்டோ. பின்புக்கு வேற பொண்ணு பார்த்தாச்சு. லேசா உங்க சாடைதான், நல்ல ஒல்லி.”

“எனக்கு ஒரு கிலோகூட குறையலையே சார்.”

“அதனாலதான் வேற பொண்ணு.”

“நான் குடிக்கிறது நம்ம டீயும் இல்லையே.”

“டீ எல்லாம் டீதானேம்மா! குழாய் விரிஞ்சது நிஜம்தானே? அதை மட்டும் எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க. டேஸ்டர் கையெழுத்துன்னா கடைக்காரங்க கண்ணை மூடிட்டு வாங்குவாங்க.” கொஞ்சம் நிறுத்தி, குரலை இறக்கிக்கொண்டார். “இல்லைன்னா மேசைக்கு ஒரு புது ஆள் பார்க்கலாம்னு மேல பேசிட்டிருக்காங்க. வயசாச்சு, நின்னு வேலை செய்ய உங்களுக்கும் கஷ்டமா இருக்கும்னு சொல்றாங்க. நான்தான் தடுத்து வச்சிருக்கேன்.”

சின்னவள் அந்த இடது கட்டத்தையே பார்த்தாள். காலம் முழுக்க எல்லாரும் அவளை அந்தக் கட்டத்துக்குள்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள். துணிக்கடையில், பஸ்ஸில், கிளினிக்கில், எங்கே போனாலும் அவள் இன்னும் முடியாத ஒரு வேலை. குறைந்த பிறகு வா, அப்போது உன்னை ஆளாக எடுத்துக்கொள்கிறோம். அக்காவும் அந்தக் கட்டத்துக்குள் நின்றுகொண்டேதான் செத்தாள். ‘பின்பு’ என்று ஒன்று அவளுக்கு வரவே இல்லை.

“யோசிச்சுச் சொல்றேன் சார்” என்று வெளியே வந்தாள். உண்மையில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் இருபத்திரண்டு வருஷத்து மேசை.

பிற்பகல் வரிசை முடிந்ததும் கோப்பை கழுவும் பெண் தட்டோடு வந்தாள். பன்னிரண்டு வருஷமாக அவள்தான் கழுவுகிறாள். யாரோடும் அதிகம் பேசாதவள்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். கடைசிக் கோப்பையில ஏதோ மருந்து டீ ஊத்திக்கிறீங்கல்ல? அது தினமும் நிறைய அப்படியே இருக்கே. கீழே கொட்டிடலாமா, எடுத்து வைக்கணுமா?”

“எது அப்படியே இருக்கு?”

“அந்தப் பச்சைத் தண்ணி. நீங்க ஒரு கரண்டி எடுத்துத் துப்பிட்டுப் போயிடுறீங்க. நான் தினமும் கொட்டிட்டுதான் கழுவுறேன்.”

சின்னவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அன்றைய வரிசையை மனத்துக்குள் திரும்ப நடந்து பார்த்தாள். முப்பத்தொன்பதாவது கோப்பை, உறிஞ்சு, புரட்டு, துப்பு. நாற்பதாவது கோப்பை, உறிஞ்சு, புரட்டு, துப்பு. பிறகு கரண்டியைக் கழுவிவிட்டு, அட்டவணையை எடுத்து, அழகாக ஒரு டிக். ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் இதே கூத்து. எண்ணிப் பார்த்தாள். முப்பத்தெட்டு டிக். முப்பத்தெட்டும் பொய். மருந்து என்று கொடுத்ததையும் மாதிரிச் சரக்காக நினைத்துத் துப்பிவைக்க உலகத்திலேயே இவள் ஒருத்தியால்தான் முடியும்.

தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. சொன்னால் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள். அந்த அகலக் கட்டிலும், பேசாமல் சுற்றிக்கொள்ளும் பட்டையும், திரையில் விலகும் வெள்ளைக் கோடுகளும் போய்விடும். சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கோப்பை கழுவுகிறவள் எந்த டாக்டரிடம் போய்ச் சொல்லப்போகிறாள்?

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டினாள். அவர் காபிக் கதைக்கு ஒரு இரண்டாம் பாகம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கினார்.

“சொல்லாம விட்டா என்ன? உனக்கு நல்லதுதானே நடக்குது.”

“என் கையெழுத்தை நம்பித்தாங்க இருபத்திரண்டு வருஷமா மூட்டை போகுது. கசந்தா கசக்குதுன்னுதான் எழுதியிருக்கேன். முதலாளி சரக்கானாலும் சரி. இந்த முப்பத்தெட்டு டிக்கும் என் கையெழுத்துதானே?”

அவர் தலையாட்டினார். “அப்ப போய்ச் சொல்லு. மேனேஜருக்கும் சேர்த்துச் சொல்லு.”

டாக்டர் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். நடுவில் ஒரு தடவை கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார், சிரிப்பை அடக்கத்தான்.

“என்னை எடுத்துடுவீங்களா?” என்றாள் சின்னவள்.

“எதுக்கு எடுக்கணும்? இங்க அறுபது பேர் இருக்காங்க. அறுபது பேரும் ஒரு வேளைகூடத் தவறாம குடிச்சதா டிக் போட்டிருக்காங்க. நான் அதை நம்புறேன்னா நினைக்கிறீங்க? தப்பு பண்ணேன்னு வந்து சொன்ன முதல் ஆள் நீங்க. தப்பு பண்ணவங்களையெல்லாம் அனுப்பிட்டா எனக்குப் பிடிச்ச பதில்தான் மிஞ்சும். நீங்க இருங்க. துப்பினதையும் சேர்த்தே எழுதிக்கிறேன்.”

“அப்ப என் குழாய் விரிஞ்சது எதனால டாக்டர்?”

“தெரியாதும்மா.”

“தெரியாதா?”

“பாதி டீ வேலை செஞ்சிருக்கலாம். அன்னைக்கு நீங்க நல்லா தூங்கியிருக்கலாம். அளக்கிறதுலயே கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். அறுபது பேரையும் சேர்த்துப் பார்த்தாத்தான் ஏதாவது தெரியும், அப்பவும் கொஞ்சம்தான் தெரியும். ஒருத்தரோட கையை வச்சு நான் எதுவும் சொல்லமாட்டேன்.”

வெளியே வரும்போது சின்னவளுக்கு அந்தத் ‘தெரியாது’ இனித்தது. அக்காவை எட்டிப் பார்த்த கிளினிக் டாக்டரோ, எல்லாம் தெரிந்தவராக இருந்தார். கையைத் தொடாமலே தெரிந்தவர்.

அன்றிலிருந்து பிற்பகல் கோப்பையை மேசையில் வைப்பதில்லை. கழுவும் தொட்டியருகே போய் நின்றுகொண்டு குடிப்பாள். கோப்பை கழுவும் பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “முழுங்குங்க… வாயைத் திறங்க… சரி” என்பாள். அதிகம் பேசாதவளுக்கு அதில் ஒரு தனி சந்தோஷம்.

வாரக் கடைசியில் பச்சைத் தேயிலையின் முதல் சரக்கு மேசைக்கு வந்தது. பெரிய கடைக்காரர் ஒருவர் மொத்தமாக எடுப்பதாக இருந்தார். மாதிரி அட்டையில் வழக்கமான கட்டங்களுக்குக் கீழே இந்தத் தடவை ஒரு வரி புதிதாக அச்சடித்திருந்தார்கள்: ‘இரத்தக் குழாய்களை இளமையாக்குவதை நான் அனுபவத்தில் உணர்ந்தேன்.’ கையெழுத்துக்கு இடம் அதற்கும் கீழே. மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். கேமராக்காரரும் கூட வந்திருந்தார்.

சின்னவள் ஊற்றினாள், வடித்தாள், உறிஞ்சினாள், புரட்டினாள், துப்பினாள். அவசரப்படவில்லை. பேனாவை எடுத்து அச்சடித்த வரியின்மேல் ஒரே கோடாகக் கிழித்தாள். அதற்கு மேலே எழுதினாள்: ‘இலை புதுசு. புல்வாசம் சுத்தம். கசப்பு மிதம். நிறம் நன்று. குடிக்க நல்ல டீ. ரத்தக் குழாயைப் பற்றி நாக்குக்குத் தெரியாது.’ கீழே கையெழுத்து.

மேனேஜரின் முகம் சிவந்தது. “என்னம்மா இது? விளையாட்டா?”

“ருசியைக் கேட்டீங்க, எழுதிட்டேன் சார். குழாயைக் கேக்கணும்னா ஆஸ்பத்திரியில போய் கேளுங்க. அங்க இருக்கிறவரு தெரியாதுங்கிறாரு. அவருக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்?”

“போட்டோ?”

“போட்டோ எடுக்கலாமே. இப்படியே, இந்த மேசைகிட்ட, முழு உருவமா எடுக்கச் சொல்லுங்க. கீழே ‘முன்பு’ன்னு மட்டும் போடக்கூடாது. எனக்குப் பின்புன்னு ஒண்ணும் கிடையாது சார். நான் இப்பதான் இருக்கேன்.”

கேமராக்காரர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் சன்னலைப் பார்த்தார். “உங்க மேசையைப் பத்தி நான் மேல பேசவேண்டியிருக்கும்.”

“தாராளமா பேசுங்க. இருபத்திரண்டு வருஷத்து அட்டை நகலெல்லாம் பீரோவில இருக்கு. திரும்பி வந்த மூட்டை எத்தனைன்னு அதையும் சேர்த்துப் பேசுங்க.”

திரும்பி வந்த மூட்டை ஒன்றுகூட இல்லை என்பது மேனேஜருக்கும் தெரியும்.

அட்டை இல்லாமல் கடைக்காரர் சரக்கை எடுக்கமாட்டார். வேறு டேஸ்டரும் கைவசம் இல்லை. கோடு கிழித்த அட்டையே போனது. கடைக்காரர் படித்துவிட்டுச் சிரித்தாராம். “குடிக்க நல்ல டீன்னு இந்தம்மா எழுதினா அது போதும். அந்தக் குழாய் சமாசாரத்துக்கு ஆதாரம் இருக்கா? இல்லைன்னா பெட்டியிலயிருந்து எடுத்துடுங்க, நாளைக்கு யாராவது என் கடை வாசல்ல வந்து நிப்பாங்க” என்றாராம். பெட்டியில் இரண்டு கட்டங்களுக்குப் பதிலாக ஒரு தேயிலைக் கொழுந்து வந்து உட்கார்ந்தது. மேனேஜர் மூன்று மாதம் சின்னவளோடு பேசவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் கம்பெனி தனக்குக் கொடுத்த நல்ல ஓய்வு அதுதான் என்று அவள் சொல்லித் திரிந்தாள்.

பன்னிரண்டாவது வாரம் கடைசி அளவு. ஐந்து வந்தது. முதலில் வந்ததைவிட மேல், நடுவில் வந்ததைவிடக் கீழ். ஒழுங்காக முழுங்கத் தொடங்கிய பிறகு எண் இறங்கியிருக்கிறதே என்று அவள் கேட்க, டாக்டர் இரண்டு கையையும் விரித்தார். எடை நூற்றுப் பன்னிரண்டரை. பிரஷர் மட்டும் மூன்று தடவையும் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. சரியான பட்டையில் பார்த்த கணக்கு, நம்பலாம் என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதினார். மாதம் ஒரு தடவை வீட்டுப் பக்கத்திலேயே எங்காவது பார்த்துக்கொண்டால் போதும் என்றார்.

“எங்க பக்கத்துல ஒரே ஒரு கிளினிக்தான் இருக்கு” என்றாள் சின்னவள். மூன்று வருஷமாக அந்தத் தெருமுனையை அவள் சுற்றுவழியாகவே தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

ஸ்கேன் எடுக்கும் பெண் ஒரு துண்டுத் தாளில் பட்டையின் அளவை எழுதிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த மருத்துவச் சாமான் கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள். அவ்வளவு சுலபம். அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். வீட்டில் கணவர் பட்டையின் ட்யூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிளினிக்கில் இருக்கும் மெஷினின் ட்யூப் மூக்கு வேறு மாதிரியாக இருந்தால் என்ன செய்வது என்று தன் சாமான் பெட்டியைக் கவிழ்த்து, எந்த மூக்கானாலும் சேருகிற மாதிரி இரண்டு இணைப்புகள் செய்து கொடுத்தார். “லிஃப்டே என் பேச்சைக் கேக்குது, இது கேக்காதா?” என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சின்னவள் தெருமுனைக் கிளினிக்கில் நுழைந்தாள். அதே பச்சை பெயின்ட் சுவர், அதே பெஞ்சு, அதே நர்சம்மா. வரிசையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவள் முறை வந்ததும் நர்சம்மா பழைய பட்டையை எடுத்து, அவள் கையைப் பார்த்து, பட்டையைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

“இது பத்தாதும்மா. நீங்க கொஞ்சம் எடையைக்—”

“குறைச்சுட்டு வரணும், அதானே? எங்க அக்காகிட்டயும் இங்கதான் சொன்னீங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி. இதே நாற்காலி. குறைச்சுட்டுத்தான் இருந்தா. வர்றதுக்குத்தான் அவளுக்கு நேரம் கிடைக்கல.”

நர்சம்மாவுக்கு நினைவு வந்ததோ இல்லையோ, கண் தாழ்ந்தது. சின்னவள் பையிலிருந்து பட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“இதுல பாருங்க.”

உள்ளிருந்து டாக்டர் எட்டிப் பார்த்தார். இந்தத் தடவை பட்டையைப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். நர்சம்மா ட்யூபை மாட்டினார். இரண்டாவது இணைப்பு சரியாகப் பொருந்தியது. பட்டையைச் சுற்றிக் காற்று அடித்தார். ஒரு சத்தமும் இல்லை. எண்ணைச் சொன்னார்.

“நோட்டுல எழுதுங்க” என்றாள் சின்னவள். எழுதும்வரை எழுந்திருக்கவில்லை.

எழுதிவிட்டு நர்சம்மா பட்டையைக் கழற்றி மடித்து நீட்டினார். “எடுத்துக்கோங்கம்மா.”

“இல்ல. இது இங்கயே இருக்கட்டும். அலமாரியில பூட்டி வைக்காதீங்க, மேசைமேல வைங்க. மாசாமாசம் வருவேன். இருக்கான்னு பார்ப்பேன்.”

பெஞ்சின் கோடியில் கனத்த உடம்போடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். சற்றுமுன் நர்சம்மா உதட்டைப் பிதுக்கியபோது, அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நைசாக எழுந்து போகப்பார்த்ததைச் சின்னவள் ஓரக்கண்ணால் கவனித்திருந்தாள். இப்போது அவள் மறுபடி உட்கார்ந்திருந்தாள்.

“வாம்மா” என்று சின்னவள் கூப்பிட்டாள். நாற்காலியை அவளுக்கு விட்டுவிட்டு, பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். “பயப்படாதே. நான் நின்னு பார்த்துட்டுத்தான் போவேன்.”

நர்சம்மா அந்தப் பெண்ணின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்று அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. சின்னவள் அந்த ‘பர்ர்’ வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

பட்டை பிரியவில்லை.